லால்பாக் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்க ஊரிலிருந்து வருகிறவர்கள், ஓசூரிலிருந்து ஒரு நாள் போய்வரலாம் என்று கிளம்புகிறவர்கள், மலர்க்கண்காட்சிக்கு ஒருமுறை போய் கூட்டத்தில் நசுங்கித் திரும்பியவர்கள், இவர்கள் எல்லாம் பெங்களூரின் லால்பாக் தாவரவியல் தோட்டத்தைப் பற்றிக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசை ஒன்றும் கிடையாது, வேண்டியதை மட்டும் படித்தால் போதும். என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எனக்கு லால்பாக் என்றால் முதலில் பாறை, அடுத்து மரம், பூவெல்லாம் அப்புறம்தான். பதில்களும் அப்படித்தான் இருக்கும்.

முழுசாகச் சுற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

தோட்டம் 240 ஏக்கர். நிதானமாக நடந்தால் அரை நாள் போய்விடும். இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் பாறை, கண்ணாடி மாளிகை, பெரிய இலவ மரம், ஏரிக்கரை என்று நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று ஓடினால் கடைசியில் கால் வலி ஒன்றுதான் நினைவிருக்கும்.

இதைப் போட்டது ஹைதர் அலியா, திப்பு சுல்தானா?

இருவரும்தான். 1760-ல் ஹைதர் அலி தொடங்கினார், அப்போது ஏறக்குறைய 40 ஏக்கர். சிராவில் முகலாயர் பாணியில் இருந்த தோட்டத்தைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது என்று சொல்வார்கள். சிரா பெங்களூருக்கு வடமேற்கே, தும்கூர் தாண்டி இருக்கிற ஊர். மகன் திப்பு அதை வளர்த்தார், வெளிநாடுகளிலிருந்து விதையும் கன்றும் வரவழைத்தார். போர்க்களத்துக்கு நடுவில் இருந்த ஒரு அரசன் எந்த நாட்டுப் பழமரம் இங்கே பிழைக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு எப்போதும் வியப்புதான்.

அந்தக் காலத்துத் தோட்டம் எப்படி இருந்தது என்பதற்குக் கண்ணால் பார்த்தவர் சாட்சியே உண்டு. திப்பு 1799-ல் போரில் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டே பிரான்சிஸ் புக்கானன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் மைசூர் நாட்டை அளந்து பார்க்க வந்தார். பெங்களூர்த் தோட்டங்களைப் பற்றி அவர் எழுதியதன் சாரம் இது: நடைபாதைகளால் சதுரம் சதுரமாகப் பிரித்திருக்கிறார்கள், பாதை ஓரங்களில் சைப்ரஸ் மரங்கள், ஒவ்வொரு சதுரத்திலும் ஒரே வகைச் செடிதான், ஒன்றில் முழுக்க ரோஜா என்றால் இன்னொன்றில் முழுக்க மாதுளை. இன்றைய லால்பாக்கில் அந்தச் சதுரங்களைத் தேடாதீர்கள். இப்போது நீங்கள் பார்க்கிற வளைந்த பாதைகளும் புல்வெளிகளும் பெரும்பாலும் 19, 20-ஆம் நூற்றாண்டு ஏற்பாடு. திப்பு காலத்தது என்று காட்டுகிற மாமரங்கள் மட்டும் மிச்சம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் ஒரு லால்பாக் என்கிறார்களே, அது வேறா?

வேறுதான். அங்கே இருந்ததும் அதே குடும்பத்தின் தோட்டம்தான், ஹைதரும் திப்புவும் அடக்கமான கும்பஸ் அங்கேதான் இருக்கிறது. பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் படிக்கும்போது எந்த லால்பாக் என்று பார்த்துக்கொள்ளுங்கள், இணையத்தில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய.

ஆங்கிலேயர் காலத்தில் என்ன ஆயிற்று?

முதல் ஐம்பது ஆண்டு கைமாறிக்கொண்டே இருந்தது. மேஜர் கில்பர்ட் வா என்ற ராணுவ அதிகாரியிடம் இருந்தது, அவர் 1819-ல் அரசிடம் கொடுத்தார், அப்புறம் 1836-ல் ஒரு விவசாய தோட்டக்கலைச் சங்கத்திடம் போயிற்று, அந்தச் சங்கம் 1842-ல் கலைந்துவிட்டது. உண்மையான திருப்பம் 1856. சென்னை மாகாணத்தின் காட்டு இலாகாவைக் கவனித்த ஹியூ கிளெகார்ன் சொன்ன யோசனைப்படி இதை அரசு தாவரவியல் தோட்டம் ஆக்கினார்கள். லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் நியூ 1858-ல் பொறுப்புக்கு வந்தார்.

அடுத்து வந்தவர்தான் முக்கியம். ஜான் கேமரூன், அவரும் கியூ ஆள், 1874 முதல் 1908 வரை 34 ஆண்டுகள் இங்கேயே இருந்தார். தோட்டம் பலமடங்கு விரிந்தது இவர் காலத்தில்தான். வேடிக்கை பார்க்க மட்டும் செடி வைக்கிற ஆள் இல்லை, விவசாயிக்கு எது காசு கொடுக்கும் என்று பார்த்துப் பார்த்து வெளிநாட்டுக் காய்கறிகளைக் கொண்டுவந்து வளர்த்துக் காட்டினார்.

நம் சமையலுக்கும் லால்பாக்குக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு, சௌசௌ! தமிழ்நாட்டில் பல வீடுகளில் அதற்குப் பெங்களூர் கத்திரிக்காய் என்றே பெயர். கத்திரிக்காய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அது மெக்சிகோ பக்கத்துக் கொடி, வெள்ளரி பூசணி வகையைச் சேர்ந்தது. அதை இந்தப் பகுதிக்குக் கொண்டுவந்த பெருமையை கேமரூனுக்குத்தான் கொடுக்கிறார்கள். லால்பாக்கில் வளர்த்துப் பார்த்து, சுற்றுவட்டார விவசாயிகள் கைக்குப் போய், பிறகு லாரி ஏறி நம் ஊர்ச் சந்தைக்கு வந்து, கூட்டிலும் சட்னியிலும் சேர்ந்துவிட்டது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், டர்னிப் போன்றவற்றை இந்த வட்டாரத்தில் பரப்பியதிலும் இந்தத் தோட்டத்துக்குப் பங்கு உண்டு. இங்கிலீஷ் காய்கறி என்று நம் பாட்டிமார் சொன்னதெல்லாம் இப்படி வந்து சேர்ந்ததுதான்.

கண்ணாடி மாளிகை எதற்காகக் கட்டினார்கள்?

தோட்டக்கலைக் கண்காட்சி நடத்தவும், வெளிநாட்டுச் செடிகளைப் பழக்கவும். 1889 நவம்பர் 30-ஆம் தேதி இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். விக்டோரியா ராணியின் பேரன் இவர். அதனால் முதலில் அவர் பெயரில்தான் மாளிகை இருந்தது. லண்டனில் 1851-ல் எழுப்பிய கிரிஸ்டல் பேலஸைப் பார்த்து எழுந்த யோசனை, கேமரூன் முன்னின்று செய்தது. வார்ப்பிரும்புத் தூண்களும் வளைவுகளும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருந்த வால்டர் மெக்ஃபார்லேன் நிறுவனத்தின் சாரசன் பட்டறையில் வார்த்து, கப்பலில் வந்து, இங்கே பொருத்தியவை.

உள்ளே போனதும் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். நீங்கள் தூண்களின் வேலைப்பாட்டையும் பாருங்கள். 1935-ல் கிழக்குப் பக்கம் நீட்டித்தார்கள், அதற்கான இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வரவில்லை, மைசூர் அரசின் சொந்த ஆலையான பத்ராவதியிலிருந்து வந்தது. அப்போது தோட்டத்தின் பொறுப்பில் இருந்தவர் எச்.சி. ஜவராயா, அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். ஐம்பது வருஷத்துக்குள் இரும்பும் ஆளும் உள்ளூருக்கு மாறிவிட்ட கதை அந்த ஒரே கூரைக்குக் கீழே நிற்கிறது. மற்றபடி, கண்காட்சி இல்லாத நாட்களில் மாளிகை காலியாகத்தான் இருக்கும், சில சமயம் உள்ளே விடமாட்டார்கள். சுற்றி வந்தாலே போதும். காலை எட்டு மணிக்குள் வெயில் சாய்வாக விழும்போது வெளியிலிருந்து பார்ப்பது இன்னும் அழகு என்பேன்.

அந்தப் பாறையில் அப்படி என்ன இருக்கிறது? வெறும் கல்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வயசைக் கேளுங்கள்: ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. இமயமலை எழும்பத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டு. பூமிக்கே வயசு 450 கோடி சொச்சம். அப்படியானால் பூமியின் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் காலம் இந்தக் கல் இருந்திருக்கிறது. இது உருவானபோது மீன் இல்லை, புல் இல்லை, காற்றில் நாம் மூச்சுவிடுகிற அளவுக்கு ஆக்சிஜனும் இல்லை. நுண்ணுயிர்கள் மட்டும்தான்.

இதன் பெயர் தீபகற்ப நைஸ். தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளம் இந்த வகைப் பாறைதான், மற்ற இடங்களில் மண்ணுக்கும் கட்டடத்துக்கும் அடியில் போய்விட்டது, இங்கே முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. பழைய மைசூர் நிலவியல் துறையைச் சேர்ந்த டபிள்யூ.எஃப். ஸ்மீத் 1916-ல் இந்தப் பெயரைக் கொடுத்தார். இந்திய நிலவியல் ஆய்வகம் இந்தக் குன்றைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று அறிவித்திருக்கிறது, ஒரு கல்வெட்டுப் பலகையும் உண்டு. அதைத் தாண்டி மேலே ஓடிப்போய் செல்ஃபி எடுக்கிறவர்கள்தான் அதிகம்.

பாறையில் என்ன பார்ப்பது? குனிந்து பாருங்கள். வெளிர் நிறப் பட்டையும் கருத்த பட்டையும் மாறி மாறி ஓடும், சில இடங்களில் தோசைக்கல்லில் மாவைச் சுழற்றியது மாதிரி நெளிந்து மடங்கியிருக்கும். வெளிர் பட்டையில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், கருப்புப் பட்டையில் அப்ரகமும் ஹார்ன்பிளெண்டும். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் கல் இளகி, கனிமங்கள் தனித்தனியாகப் பிரிந்து வரிசை கட்டியதால் வந்த கோடுகள் அவை. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போய், ஆழத்தில் இருந்தது வெளியே வந்துவிட்டது. குழந்தைகளைக் கூட்டிப் போனால் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் வாழ்நாளில் தொடப்போகிற பொருள்களில் இதைவிடப் பழசாக அதிகம் இருக்காது.

மத்தியானம் போகாதீர்கள், சூடு தாங்காது. மழை பெய்திருந்தால் வழுக்கும்.

பாறை மேல் இருக்கிற சின்ன கோபுரம் என்ன?

கெம்பேகவுடா கோபுரம். 1537-ல் பெங்களூர்க் கோட்டையையும் பேட்டையையும் நிறுவியவர் கெம்பேகவுடா. அந்த வம்சத்தார் நகரத்தின் நான்கு திசைகளில் நான்கு காவல் கோபுரங்கள் கட்டினார்கள், அதில் ஒன்று இது. மற்ற மூன்றும் அல்சூர் ஏரிப் பக்கம், கெம்பாம்புதி ஏரிக்கரை, மேக்ரி சர்க்கிள் அருகில். நகரம் இந்த நான்கு எல்லையைத் தாண்டி வளரும் என்று அன்றைக்கே சொன்னார்கள் என ஒரு கதை உலவுகிறது. எப்படியோ, இன்றைக்கு நான்குமே நகரத்தின் உள்ளே மாட்டிக்கொண்டன. கோபுரம் தோட்டத்தைவிடப் பழசு, அதனால் இதைத் தோட்டத்துக்கு அலங்காரமாகக் கட்டினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோபுரத்தில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, அங்கிருந்து தெரிகிற காட்சிக்காக ஏறலாம்.

கல்மரம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்?

இருக்கிறது, அதுவும் நம் ஊர்க்காரர்தான்! விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலிருந்து வந்தது. வக்கரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர், பக்கத்திலேயே தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் மணலுக்கடியில் புதைந்தன, நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நாருக்குள் புகுந்து கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கல்லாக்கிவிட்டது. பட்டையும் நாரும் அப்படியே தெரியும், தட்டினால் கல். அதில் ஒரு துண்டைத்தான் இந்திய நிலவியல் ஆய்வகம் லால்பாக்குக்குக் கொடுத்தது. பழசு என்றால் இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் பாறைக்கு முன்னால் இது பச்சைக் குழந்தை.

எந்த மரங்களைத் தவறவிடக் கூடாது?

முதலில் இலவம். பஞ்சு மெத்தைக்குப் பஞ்சு கொடுக்கிற அதே இலவ மரம்தான், ஆனால் ஊரில் பார்க்கிற ஒல்லி மரம் இல்லை, அடியில் பலகை பலகையாக வேர் எழும்பி, ஆள் உள்ளே நின்றால் மறைந்துபோகிற அளவுக்குப் பெருத்தது, இருநூறு வயசுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். சுற்றி வேலி போட்டிருப்பார்கள், அது நல்லதுதான், இல்லாவிட்டால் இந்நேரம் இதயம் வரைந்து அம்பு விட்டு இரண்டு பெயர் செதுக்கியிருப்பார்கள்.

அப்புறம் ஆரக்கேரியா. ஊசி மாதிரி உயர்ந்து நிற்கும், எல்லோரும் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். இங்கிலாந்து ராணி எலிசபெத் 1961-ல் வந்தபோது நட்ட மரமும் இந்த வகைதான். இப்படிப் பெரிய விருந்தாளிகள் நட்ட மரங்கள் தோட்டத்தில் நிறைய, அடியில் பெயர்ப்பலகை இருக்கும். பர்மாவிலிருந்து வந்த ஆம்ஹெர்ஸ்டியா என்று ஒரு மரம், சிவப்புப் பூங்கொத்து சரவிளக்கு போலத் தொங்கும், பூத்திருக்கும்போது கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். நாகலிங்க மரங்கள், தூங்குமூஞ்சி மரங்கள், பெயர் தெரியாத மலேயா, ஆஸ்திரேலிய, தென்னமெரிக்க மரங்கள் ஏராளம்.

எந்த மாதத்தில் என்ன பூக்கும்?

ஜனவரி வாக்கில் இளஞ்சிவப்பு டபேபுயா, பிப்ரவரி மார்ச்சில் மஞ்சள் டபேபுயாவும் ஊதா நிற ஜகரந்தாவும், ஏப்ரல் மே மாதங்களில் சரக்கொன்றையும் செம்மயிற்கொன்றையும். ஆண்டுக்கு ஆண்டு முன்பின் ஆகும், மழையைப் பொறுத்தது.

இந்த வரிசை லால்பாக்கில் மட்டும் இல்லை, பெங்களூர்த் தெருக்களிலும் ஓடுகிறது, அது தற்செயலும் இல்லை. குஸ்டாவ் ஹெர்மான் கிரும்பீகல் என்ற ஜெர்மானியர்தான் இதற்கு மூல காரணம். கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, 1893-ல் பரோடா சமஸ்தானத்துக்கு வந்து, 1908-ல் கேமரூனுக்குப் பிறகு லால்பாக்கின் பொறுப்பை ஏற்று 1932 வரை இருந்தார். ஒரு தெருவில் பூ உதிரும்போது இன்னொரு தெருவில் பூக்க வேண்டும், நகரத்தில் எந்த மாதமும் பூ இல்லாமல் இருக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு மரம் வைத்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன்காரர் என்பதற்காக அவரை ஆங்கில அரசு முகாமில் அடைத்து வைத்தது. அதற்குப் பிறகும் ஊரைவிட்டுப் போகவில்லை, 1956-ல் பெங்களூரிலேயே இறந்தார், ஓசூர் சாலைக் கல்லறையில்தான் இருக்கிறார். தோட்டத்துக்கு வெளியே அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. உள்ளே அவர் பெயரில் இருந்த பழைய மண்டபம் பராமரிப்பு இல்லாமல் சிதைந்து 2017-ல் இடிக்கப்பட்டது. பூவைப் படம் எடுத்துப் போடுகிற நகரம் அந்த மண்டபத்தைக் காப்பாற்றியிருக்கலாம்.

மலர்க்கண்காட்சிக்குப் போகலாமா வேண்டாமா?

குடியரசு தினத்தை ஒட்டி ஜனவரியில் ஒன்று, சுதந்திர தினத்தை ஒட்டி ஆகஸ்டில் ஒன்று. அரசின் தோட்டக்கலைத் துறையும் 1912-ல் தொடங்கிய மைசூர் தோட்டக்கலைச் சங்கமும் சேர்ந்து நடத்துகின்றன. கண்ணாடி மாளிகையின் நடுவில் ஏதாவது ஒரு கட்டடத்தையோ நினைவிடத்தையோ லட்சக்கணக்கான பூக்களால் செய்து வைப்பார்கள். உழைப்பு பிரமிக்க வைக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் விடுமுறை நாளில், ஞாயிற்றுக்கிழமையில் போனால் பூவைப் பார்ப்பதைவிட முன்னால் நிற்பவர் முதுகைப் பார்ப்பதுதான் அதிகம். போயே ஆக வேண்டும் என்றால் வார நாளில், கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். கடைசி இரண்டு நாள் வேண்டாம், பூவும் வாடிப்போயிருக்கும். முதல் முறையாக லால்பாக்கைப் பார்ப்பவர் என்றால் கண்காட்சி நாளைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் கருத்து. அன்றைக்குத் தோட்டம் பொருட்காட்சித் திடல் ஆகிவிடும், மரம் கண்ணில் படாது.

தோட்டத்தைப் பராமரித்தவர்கள் தமிழர்களா?

கேமரூன், கிரும்பீகல் என்று அதிகாரிகள் பெயர் எல்லாம் பதிவில் இருக்கிறது, மண்ணைக் கிளறியவர்கள் பெயர் இல்லை. அந்த வேலையில் பெரும்பங்கு திகளர் சமூகத்தினுடையது. வன்னிகுல க்ஷத்திரியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள், தமிழ்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள், கீரை, காய்கறி, பூ வளர்ப்பதில் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்தவர்கள். ஹைதர் அலி தோட்ட வேலைக்கு இவர்களை வரவழைத்தார் என்று சொல்வார்கள், அதற்கு முன்பே பெங்களூரில் இருந்தார்கள் என்பாரும் உண்டு. இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம். இப்போது வீட்டில் பேசுவதில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்திருக்கும்.

பெங்களூர்க் கரகம் கேள்விப்பட்டிருப்பீர்கள். சித்திரைப் பௌர்ணமியில் தர்மராயசாமி கோயிலிலிருந்து திரௌபதி அம்மனுக்காக எடுக்கிற கரகம், அதை எடுப்பவரும், கூடவே வாளேந்திப் போகிற வீரகுமாரர்களும் இந்தச் சமூகத்தார்தான். வழியில் மஸ்தான் சாகிப் தர்காவிலும் நின்று போவார்கள். நம் வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் திருவிழாக்களைப் பார்த்தவர்களுக்கு அந்த இரவு அந்நியமாகவே இருக்காது. ஏப்ரல் வாக்கில் வருகிறீர்கள் என்றால் பகலில் லால்பாக், இரவில் கரகம் என்று திட்டம் போடுங்கள்.

பூக்கடிகாரம், மன்னர் சிலை, புறாக்கூண்டு?

போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். புல்வெளியில் 7 மீட்டர் அகலமுள்ள கடிகாரம் எச்.எம்.டி. நிறுவனம் 1983-ல் வைத்தது, சுற்றிலும் ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும் பொம்மைகளாக நிற்பார்கள். நம் அப்பாக்கள் கையில் கட்டியிருந்த அதே எச்.எம்.டி.தான். குதிரை மேல் இருப்பவர் மைசூர் மன்னர் சாமராஜ உடையார். புறாக்கூண்டுக் கட்டடம் பழைய மிருகக்காட்சிசாலையின் மிச்சம், 19-ஆம் நூற்றாண்டில் இங்கே விலங்குகள்கூட இருந்தன. போன்சாய்த் தோட்டம் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

ஏரிக்கரை எப்படி?

தெற்குப் பக்கம். பறவை பார்க்கிறவர்கள் விடிகாலையில் அங்கேதான் நிற்பார்கள், கூழைக்கடா, நீர்க்காகம், நீலத்தாழைக்கோழி எல்லாம் பார்க்கலாம். நடைப்பயிற்சிக்காரர்கள் கூட்டமும் அந்தப் பக்கம் உண்டு, அவர்கள் வேகத்துக்கு வழிவிட்டு நடந்தால் நல்லது.

எந்த வாசல் வழியாகப் போவது? டிக்கெட், நேரம்?

மெட்ரோவில் வந்தால் பச்சை வழித்தடத்தில் லால்பாக் நிலையம், இறங்கினால் மேற்கு வாசல். காரில் வந்தால் டபுள் ரோடு பக்கம் இருக்கிற பிரதான வாசல், வண்டி நிறுத்த இடம் அங்கே இருக்கிறது. பாறையும் கோபுரமும் அந்தப் பக்கம்தான் என்பதால் எனக்குப் பிடித்த வாசலும் அதுதான். கிழக்கிலும் தெற்கிலும் வாசல் உண்டு. காலை 6 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். பெரியவர்களுக்குக் கட்டணம் உண்டு, தொகை அவ்வப்போது ஏறுகிறது, கேமராவுக்குத் தனி. நடக்க முடியாத வயதானவர்களை பேட்டரி வண்டியில் ஒரு சுற்று அழைத்துப் போகலாம், பாறை மேல் மட்டும் அது ஏறாது. பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சாப்பாடு?

பிரதான வாசலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் லால்பாக் சாலையில் எம்.டி.ஆர்., 1924-லிருந்து நடக்கிற கடை. போர்க்காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவா இட்லியைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்பது அவர்கள் சொல்லும் கதை. ஞாயிறு காலை வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தால் போங்கள். மே, ஜூன் மாதங்களில் லால்பாக்கிலேயே மாம்பழ மேளா நடக்கும், விவசாயிகளே நேரடியாக விற்பார்கள். பழம், காய்கறி வாங்க ஹாப்காம்ஸ் கடை இருக்கிறது. அந்தக் கூட்டுறவு அமைப்புக்கு 1959-ல் வித்திட்டவர் எம்.எச். மரிகவுடா, லால்பாக்கின் பொறுப்பில் இருந்தவர், கர்நாடகத் தோட்டக்கலையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

கப்பன் பார்க் நல்லதா, லால்பாக் நல்லதா?

நிழலில் புத்தகம் படிக்க, பழைய சிவப்புக் கட்டடங்களைப் பார்க்க கப்பன் பார்க். அது 1870-ல் வந்த பூங்கா. மரங்களைத் தெரிந்துகொள்ள லால்பாக். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்.

தோட்டத்துக்கு நடுவில் சுரங்கச் சாலை வரப்போகிறதாமே?

ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை ஒரு சுரங்கச் சாலைத் திட்டம், அதன் ஏறி இறங்கும் வழிக்கு லால்பாக் நிலத்தில் ஒரு பகுதியைக் கேட்டார்கள், 2025-ல் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தோட்டத்துக்கு 1975-ஆம் ஆண்டின் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் உண்டு, பாறைக்குத் தேசிய அந்தஸ்து உண்டு, இரண்டையும் காட்டித்தான் வாதாடினார்கள். மெட்ரோவுக்காக ஏற்கெனவே ஒரு துண்டு நிலம் போனதையும், அப்போது மேற்குச் சுவரை இடித்து மரங்களை வெட்டியதையும் ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. இத்தனைக்கும் அந்த மெட்ரோவில்தான் இன்று பாதிப் பேர் லால்பாக்குக்கு வருகிறார்கள், நானும்தான். ரயில் ஏற்றிக்கொண்டு வருகிற கூட்டத்தையும் கார் ஏற்றிக்கொண்டு வருகிற கூட்டத்தையும் ஒன்றாக நினைக்க முடியாது என்பது என் எண்ணம்.

மழை வந்தால் என்ன செய்வது?

குடை எடுத்துப் போங்கள். பெங்களூர் மழை மாலையில்தான் பெரும்பாலும் வரும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நிச்சயம் எதிர்பார்க்கலாம். பெரிய மரத்தடியில் ஒதுங்காதீர்கள், பழைய கிளைகள் காற்றில் முறிந்து விழும். பாறையை மறுநாள் காலைக்குத் தள்ளிவையுங்கள், ஈரம் காய்ந்தபிறகு அந்தக் கருப்பு வெள்ளைப் பட்டைகள் இன்னும் தெளிவாகத் தெரியும்.